பாலாற்றுத் திட்டில் ஒரு சாம்பல் அடுக்கு

டிசம்பர் 9, 2024, திங்கள்

முதலாண்டு கணிப்பொறி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல். பாடம்: மண் அரிப்பு. முன்வரிசைப் பெண் எழுந்து, இது தேர்வுக்கு வருமா என்று கேட்டாள். வராது என்றேன். அறுபத்து மூன்று பேனாக்கள் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

நிலவியல் துறையை மூடி மூன்று வருடம் ஆகிறது. சேர ஆளில்லை. ஆனால் என் அறைக் கதவில் ‘முனைவர் இளவரசி, துறைத் தலைவர், நிலவியல்’ என்ற பலகையை யாரும் கழற்றவில்லை. துறை போய்விட்டது, தலைவர் மட்டும் மிச்சம்.

பட்டத்துக்காக நான் வேலை செய்தது அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவில். கடலோர மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு சாம்பல் அடுக்குகள். ஒவ்வொன்றும் எந்த எரிமலை கக்கியது, எந்தக் காலத்தில் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து வருடம் பிடித்தது. அந்தத் தீவில் மனிதர்களே கிடையாது. ஆய்வு ஒழுங்காக முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

முதலில் வரிசையாக எழுதுகிறேன்.

புயல் மழைக்குப் பின் பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று ஊரே வேடிக்கை பார்க்கப் போகிறது. என் கணவர் சிவராஜும் தறியை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார். செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே நாலு கிலோமீட்டர் போனால் ஆற்றின் நடுவில் ஒரு பெரிய திட்டு. ஐந்தாறு வீடு, பனைமரங்கள், கொஞ்சம் பட்டா நிலம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதன் பெயர் ‘தீவு’. ஆற்றில் சொட்டு நீர் இல்லாத வருடங்களிலும் அரசாங்கத்துக்கு அது தீவுதான். கிழக்கு ஓரம் முழுக்க மணல் லாரிகள் தோண்டிய பள்ளம்.

மேற்கு ஓரத்தை இந்த வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆளுயரத்துக்குச் செங்குத்தான மண்சுவர். மேலிருந்து ஒரு மீட்டர் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ஒரு சாண் கனம். விரலில் தேய்த்தேன், மாவு. பல்லில் வைத்தேன், நறநற.

சுமத்ராவில் தோபா என்ற எரிமலை எழுபத்து நாலாயிரம் வருடங்களுக்கு முன் வெடித்தது. அதன் சாம்பல் கடல் தாண்டி வந்து இந்தியாவெங்கும் விழுந்தது. எத்தனையோ ஆற்றுப்படுகைகளில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் எடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பன் வாங்கிய பிளாஸ்டிக் பையை உதறிவிட்டு மாதிரியை அதில் போட்டுக்கொண்டேன். சிவராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாம்பல பாத்து இவ்ளோ சந்தோஷப்படற பொம்பளைய நான் இந்த ஊர்ல பாத்ததே இல்லமா.”

டிசம்பர் 17

கல்லூரி நுண்ணோக்கியில் ஒரு கண்ணில் பூஞ்சை. மற்ற கண்ணால் பார்த்தேன். மெல்லிய, ஒளி ஊடுருவும் சில்லுகள். சில வளைந்தவை. குறுக்கொளி வைத்ததும் கறுத்தன. கண்ணாடி அப்படித்தான் கறுக்கும்.

நோட்டில் எழுதினேன்: எரிமலைக் கண்ணாடி?

பாதி மாதிரியை ஜெயப்ரியாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். என்னோடு படித்தவள். பெரிய ஆய்வகத்தில் இருக்கிறாள், எதில் என்ன தனிமம் எவ்வளவு என்று துல்லியமாக அளக்கும் கருவி அவளிடம் உண்டு. வரிசையில் நிற்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றாள்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வக உதவியாளர் டேனியலிடம் மட்டும்.

டிசம்பர் 19

டேனியலிடம் சொன்னது தப்பு.

தாளாளர் ராஜகோபால் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் என் நோட்டின் அந்தப் பக்கம், படம் எடுத்து அச்சிட்டு வைத்திருந்தது.

“இந்தக் கேள்விக்குறி எதுக்கும்மா?”

உறுதியில்லை, முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றேன்.

“பிப்ரவரில தரமதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள முடிவு வந்துடும் இல்ல? அப்ப இது தேவையில்ல.”

பேனாவை எடுத்து அடித்துவிட்டார். நாளை பத்திரிகையாளர் சந்திப்பாம்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? எழுதிவிடுகிறேன், இங்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்டார். அதோடு— எனக்கே அந்தக் கேள்விக்குறி பிடிக்கவில்லை.

டிசம்பர் 21, சனி

‘பாலாற்றில் எரிமலை! பேராசிரியை கண்டுபிடிப்பு.’ சுமத்ராவை இடப்பற்றாக்குறை விழுங்கிவிட்டது. படத்தில் நான் பெருமையாகப் பிடித்திருப்பது கண்ணாடி அலமாரியிலிருந்து தாளாளர் எடுத்துக் கொடுத்த கருங்கல்.

காலையிலிருந்து பதினேழு தொலைபேசி அழைப்புகள். வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று நாத்தனார். கூரத்திலிருந்து ஒருவர், மனை வாங்கியிருக்கிறாராம், எரிமலை அந்தப் பக்கமும் வருமா என்றார். சிவராஜ் நெசவாளர் சங்கத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

டிசம்பர் 24

கல்லூரிக்குக் கண்ணாயிரம் என்பவர் வந்திருந்தார். திட்டில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர், அந்த ஊருக்கு ஒரு முறை தலைவராகவும் இருந்தாராம். அறுபது வயது இருக்கும். எலுமிச்சம்பழம் கொடுத்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“அது எவ்ளோ பழசு மேடம்?”

“எழுபத்து நாலாயிரம் வருஷமா இருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்குதா?”

நிருபர்கள் யாரும் கேட்காத கேள்வி. இருக்கலாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, செய்தித்தாளில் என் கையெழுத்து ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 30

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ‘தொன்மைச் சிறப்புடைய படிவம் கண்டறியப்பட்டிருப்பதால், மேற்படி தீவில் மறு உத்தரவு வரும் வரை மணல், மண் எடுக்கத் தடை.’ கண்ணாயிரம் செய்தித்தாளை மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறார். செய்தி வந்து ஒன்பது நாளில் (நடுவில் விடுமுறை வேறு) ஒரு கோப்பு நகர்ந்ததாக இந்த மாவட்டத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

என் வேலையால் ஓர் ஆறு நிம்மதியாக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

மாதிரி இன்னொன்று எடுக்கலாம் என்று திட்டுக்குப் போனோம். அடுக்குக்கு முன்னால் தகரக் கொட்டகை. பலகை: ‘அருள்மிகு பிரம்ம வேள்விச் சாம்பல். 74,000 ஆண்டுப் பழமை. கண்டெடுத்தவர் முனைவர் இளவரசி.’ காஞ்சியில் பிரம்மா யாகம் செய்தார் என்பது ஊரறிந்த புராணம். யாகம் என்றால் சாம்பல் இருக்கும்தானே.

செருப்பைக் கழற்றாமல் என் ஆய்விடத்துக்குள் என்னை விடவில்லை. உள்ளே கண்ணாயிரத்தின் மனைவி மணியம்மாள் தட்டோடு உட்கார்ந்து, சுவரிலிருந்து சுரண்டிய சாம்பலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கொஞ்சம், வாயில் கொஞ்சம். வயிற்றுவலிக்கு நல்லதாம்.

சிவராஜ் தினமும் மூன்று பட்டை போடாமல் தறியில் உட்காரமாட்டார். கையை நீட்டவில்லை.

“திருநீறுன்னா பசுஞ்சாணத்துல செய்யறது. இது எது சாம்பல்னே இன்னும் தெரியல. தெரியாதத நெத்தில வைக்கமாட்டேன்பா.”

மொத்தக் கூட்டத்தில் அறிவியல் மனப்பான்மை உள்ள ஒரே ஆள்.

ஜனவரி 20, திங்கள்

ஜெயப்ரியா கூப்பிட்டாள். முதலில் நலம் விசாரித்தாள். அவள் நலம் விசாரிக்கிற ரகம் இல்லை.

தோபா கண்ணாடியில் சிலிக்கா நூற்றுக்கு எழுபத்தேழு பங்கு இருக்கும், அலுமினா பன்னிரண்டுக்கு மேல். என் மாதிரியில் சிலிக்கா தொண்ணூற்று நாலு. அலுமினா ஒன்றுகூட இல்லை. மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படத்தையும் அனுப்பினாள். வரிசை வரிசையாக இரட்டை மேடுகள், வயலில் நாற்று நட்ட மாதிரி.

“எந்த எரிமலையும் இப்படி வரிசையா கக்காதுடி. இது நெல் உமி.”

ஜனவரி 21

உமி.

ஜனவரி 22

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கொட்டகையிலிருந்து இருபதடி தள்ளி, அதே பட்டையைக் கரண்டியால் சுரண்டினேன். கால் மணி நேரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. ஷாம்பு பாக்கெட். துடைத்துப் படித்தேன். தயாரிப்பு: மார்ச் 1997.

பிழை வரம்பு ஒரு மாதம்கூட இல்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த மிகத் துல்லியமான காலக்கணிப்பு.

எதிர்க்கரையில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் புகைபோக்கி அங்கிருந்தே தெரிகிறது. டிசம்பரிலும் தெரிந்திருக்கும். அண்ணாந்து பார்த்தேனா? மேலே கிடக்கும் ஒரு மீட்டர் வண்டல் நாலைந்து வெள்ளத்தில் வந்து சேர்ந்தது. முதலாண்டு மாணவனாக இருந்தால் விடைத்தாளில் பூஜ்யம் போட்டிருப்பேன். எனக்கென்று வரும்போது எழுபத்து நாலாயிரம்.

ஜனவரி 25, சனி

சிவராஜிடம் இன்றுதான் சொன்னேன். ஐந்து நாள் அடக்கி வைத்திருந்தது அழுகையாக வந்தது. உண்மையைச் சொன்னால் தடையை எடுத்துவிடுவார்கள், லாரி வரும். சொல்லாவிட்டால் ஜனங்கள் ஆலைச் சாம்பலைத் தின்றுகொண்டிருப்பார்கள், பலகையில் என் பெயரோடு. எதைச் செய்ய?

தறி ஓடத்தில் நூல் மாற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“சங்கத்துல எல்லாருக்கும் டீ வாங்கி குடுத்துட்டேனே. அத திருப்பி வாங்கணுமா?”

சிரிப்பு வந்துவிட்டது. நூலைக் கோத்துவிட்டுச் சொன்னார்.

“எழுதி குடுத்துடும்மா. நீ இப்படி சாப்புடாம சுத்திக்கினு இருந்தா எனக்கு வேல ஓட மாட்டேங்குது.”

ஜனவரி 27

தாளாளரிடம் படங்களையும் அளவுகளையும் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். குழு பிப்ரவரி பதினெட்டாம் தேதி வருகிறது.

“மார்ச் வரைக்கும் அது எரிமலையா இருக்கட்டுமே. எழுபத்து நாலாயிரம் வருஷம் இருந்தது, இன்னும் ரெண்டு மாசம் இருக்காதா?”

அது இருந்ததே இருபத்தேழு வருடம்தான் என்று சொன்னதைத்தான் இவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறுப்புக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் கண்ணாயிரத்திடம் நேரில் சொல்வதுதான் முறை என்று போனேன். படங்களை விரித்து, இரட்டை மேடுகளை விளக்கி, ஷாம்பு பாக்கெட்டையும் எடுத்து வைத்தேன். அவர் பாக்கெட்டை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார்.

“தெரியும்மா. நான்தான் கொட்டினேன்.”

ஆலைக்காரர் வண்டிக்கு இவ்வளவு என்று கொடுத்து அள்ளிப்போகச் சொன்னாராம். இவர் இரட்டை மாட்டு வண்டியில் ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து, அந்த ஓரத்துப் பள்ளத்தில் ஒரு கோடை முழுக்கக் கொட்டியிருக்கிறார்.

கோபம் தலைக்கேறிவிட்டது. என்னை முட்டாளாக்கிப் பலகையில் என் பெயரையும் போட்டீர்களே என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“பதினொரு வருஷமா மனு குடுத்துக்கினு இருக்கேன். லாரி ஓடி ஓடி என் கெணறு வறண்டு போச்சு. மனுவ எவனும் படிக்கல. உன் சாம்பல் ஒம்போது நாள்ல நிறுத்திச்சு. நீ இருக்கலாம்னுதான சொன்ன? நான் அத இருக்குதுன்னு ஆக்கினேன். தப்புன்னா தப்புதான்.”

அந்தக் கேள்விக்குறியை முதலில் அடித்தது இவர் இல்லையே.

கடிதத்தை அனுப்பத்தான் போகிறேன், யாரும் இதைத் தின்னக் கூடாது என்றேன். மணியம்மாள் தட்டை உடனே கவிழ்த்துவிட்டார். அவருக்கு இதுவரை தெரியாதாம், கணவரைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும். நாளையிலிருந்து கடையில் வாங்கிய நல்ல திருநீறு வைப்பதாகச் சொன்னார். என் பெயரை அழித்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8

கடிதம் தாளாளர், பத்திரிகை, ஆட்சியர் அலுவலகம் என மூன்று இடத்துக்குப் போனது. அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். பத்திரிகை இன்று ஆறு வரியில் போட்டிருக்கிறது: ‘உமியில் எரிமலை: பேராசிரியை மேலும் ஒரு சாதனை.’

பிப்ரவரி 18

தரமதிப்பீட்டுக் குழு வந்தது. வேலை போய்விடும் என்று அறையைப் பாதி காலி செய்து வைத்திருந்தேன். காலையில் வந்தால் கதவில் புதுப் பலகை: ‘நெல் உமிச் சாம்பல் உயராய்வு மையம். இயக்குநர்: முனைவர் இளவரசி.’ ஒரே நாளில் செய்திருக்கிறார்கள். குழுத் தலைவர், உள்ளூர் வளத்தில் உலகத்தர ஆய்வு என்று கைகுலுக்கினார். ஒரு கரண்டிச் சாம்பலைக் கண்ணாடிப் புட்டியில் வைத்துப் பின்னால் விளக்குப் போட்டிருந்தார் டேனியல்.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைக்கும் என்கிறார்கள். தாளாளர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பிப்ரவரி 27, வியாழன்

பயந்தது நடந்தது. காலை எட்டு மணிக்கு மணியம்மாள் போன் செய்தார். லாரி வந்துவிட்டது, வா என்றார். முதல் வகுப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

திட்டுக்கு ஏறும் பாதையில் இரண்டு லாரி, ஒரு பொக்லைன். பாதையின் குறுக்கே கண்ணாயிரம் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். லாரி முதலாளி முத்துக்குமார் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தார். கையில் என் மறுப்புக் கடிதத்தின் நகல்.

“நீங்களே சொல்லிடுங்க மேடம். இது உமிதான?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாயிரம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல ஒரு சொல் போதும். யார் கேட்கப் போகிறார்கள்?

“உமிதாங்க,” என்றேன். பின்னால் யாரோ ஒரு பெண் ‘அய்யோ’ என்றாள்.

“ஆனா தடையில உமின்னும் இல்ல, எரிமலைன்னும் இல்ல. மறு உத்தரவு வர்ற வரைக்கும்னு இருக்குது. மறு உத்தரவு உங்க கையில இருக்குதா?”

இல்லை. அவர் கையில் இருந்தது என் கடிதம் மட்டும். நான் அரசாங்கம் இல்லை. இது அவருக்குப் புரியக் கால் மணி நேரம் ஆனது. நாலு பேருக்குப் போன் செய்தார். இடையில் ஓட்டுநர்கள் இருவரும் இறங்கிப்போய்க் கொட்டகையில் கும்பிட்டு, மணியம்மாளிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, முதலாளியைக் கேட்காமலே வண்டியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாமி இடத்தில் பொக்லைன் வைக்க மாட்டோம் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.



மார்ச் 3

அலுவலகத்தில் விசாரித்தேன். என் மறுப்புக் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டு, கோப்பு மேல்நடவடிக்கைக்குச் சென்றுள்ளது. எங்கே சென்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கோப்பு கிடைக்காமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கண்ணாயிரம் கூப்பிட்டிருந்தார். நிஜமாகவே பழசாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் என் கிணற்றில் இறங்கிப் பார் என்றார். நாற்பதடி. அவருடைய தாத்தா வெட்டியது. ஆறு வருடமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கெட்ட காற்று இருக்கிறதா என்று முதலில் விளக்கை இறக்கிப் பார்த்தோம். அணையவில்லை. இடுப்பில் கயிறு, மறுமுனை சிவராஜ் கையிலும் பனைமரத்திலும். பதினைந்தடி வரை கல் கட்டு. அதற்குக் கீழே வெறும் மண். மணல் இல்லை, இறுகிப்போன பழுப்புக் களிமண். இது ஆறு கொண்டுவந்து போட்ட திட்டே இல்லை. ஆறு அரிக்காமல் விட்டுவிட்ட மிகப் பழைய கரை.

இருபத்து மூன்றாவது அடியில் பார்த்தேன். வெளிர் சாம்பல், இரண்டு விரல் கனம். அடிப்பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் நேர்க்கோடு, மேல்பக்கம் களிமண்ணோடு மெல்லக் கலக்கிறது. வானத்திலிருந்து விழுந்தது அப்படித்தான் இருக்கும். என் தீவில் நாலு முறை பார்த்திருக்கிறேன். கிணற்றைச் சுற்றிலும் அதே மட்டத்தில் முழு வளையம்.

தண்ணீர் இருந்திருந்தால் இதை யாரும் பார்த்திருக்க முடியாது.

மேலே ஏறி வந்ததும், என்ன என்று இருவரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். நோட்டில் இந்த முறை இரண்டு கேள்விக்குறி.

மார்ச் 16

மறுபடி இறங்கினேன். சாம்பலில் ஒரு பை எடுத்தேன். அதற்கு மேலும் கீழும் களிமண்ணுக்குள் இரும்புக் குழாய்களை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனையையும் மூடினேன். ஒரு மணல்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடும் முறை இருக்கிறது. வழியில் ஒரு நொடி வெளிச்சம் பட்டால்கூட எல்லாம் வீண். சிவராஜ் கறுப்புத் துணியை நாலு மடிப்பாகச் சுற்றித் தைத்தே கொடுத்துவிட்டார். ஜெயப்ரியாவிடம் போனில் சொன்னதற்கு, தையல் போட்ட மாதிரி இப்போதுதான் முதல்முறையாக வருகிறது என்றாள்.

டேனியலிடம் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சிலிக்கா எழுபத்தேழு. அலுமினா பன்னிரண்டரை. பொட்டாசியம் ஐந்து. மற்றவையும் பொருந்துகின்றன. ஜெயப்ரியா இந்த முறை நலம் விசாரிக்கவில்லை.

“தோபாதான்டி. மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்.”

வகுப்புக்குப் போனேன். திடக்கழிவு மேலாண்மை நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 11

குழாய்களின் முடிவும் போன மாதமே வந்துவிட்டது. மேல் களிமண் எழுபதாயிரம், கீழ்க் களிமண் எழுபத்தொன்பதாயிரம், இரண்டுமே ஆறாயிரம் முன்னே பின்னே. சாம்பல் நடுவில் சரியாக உட்காருகிறது. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.

ஊருக்கும் சொல்ல வேண்டுமே.

தாளாளர்: மறுபடியுமா என்றார். உமி மையத்துக்கு நிதி வரும் நேரத்தில் எரிமலை வேண்டாமாம்.

பத்திரிகை: எரிமலைச் செய்தி போன வருடமே போட்டாகிவிட்டது, மேடம்.

அலுவலகம்: ‘தங்களது முந்தைய கடிதத்தில் அது எரிமலைச் சாம்பல் அன்று எனத் தாங்களே உறுதி செய்துள்ளதால், தங்கள் கோரிக்கை ஏற்கப்பட இயலாதது.’ நான் எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை. ஆனால் என் கோப்பை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்களோ என்று ஒரு கணம் உயிர் போய் வந்தது. இல்லை, இது வேறு கோப்பு.

கண்ணாயிரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஆறாயிரம் வருஷம் முன்ன பின்னன்னா எங்க பட்டா தகராறு மாதிரி இல்ல இருக்குது. சரிம்மா, சந்தோஷம். ஆனா ஏற்கெனவே ஒரு சாம்பல் இருக்குது. ஜனங்க வந்துக்கினு இருக்கறாங்க. இன்னொன்னு எதுக்கு?”

நிஜமான சாம்பலுக்கு இந்த ஊரில் இடம் காலி இல்லை.

அக்டோபர் 24

மழை. மூன்றாவது நாளாக விடுமுறை. சிவராஜுக்குத் தறியின் பாவு நூல் ஈரம் இழுக்கிறது என்று கவலை.

நவம்பர் 18, 2025, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து கடிதம். மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவருக்கு அதே அடுக்கிலிருந்து இன்னும் இரண்டு மாதிரி எடுத்து அளந்து காட்ட வேண்டுமாம். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

கயிறு, குழாய், சுத்தியல் எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு சிவராஜோடு திட்டுக்குப் போனேன். கண்ணாயிரம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். வா என்று கையைக் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. கல் கட்டுக்கு இரண்டடி கீழே, பதினேழு அடியில் தண்ணீர் நிற்கிறது. அடுக்கு அதற்கும் ஆறடி கீழே. மணியம்மாள் ஒரு குடம் இறைத்து வைத்திருந்தார். எல்லோரும் குடித்தோம். லேசாகக் களிமண் வாடை.

கண்ணாயிரத்துக்குத்தான் கவலை.

“உன் சாம்பல் முழுகிடுச்சேமா. கெட்டுப் போவாதா?”

“கெடாதுங்க. இத்தன காலமும் தண்ணிக்குள்ளதான் இருந்திருக்குது. நடுவுல ஆறு வருஷம்தான் வெளிய தெரிஞ்சிது.”

மோட்டார் வைத்து இரண்டு நாள் இறைத்துப் போட்டால் இறங்கிவிடலாம், இறைக்கட்டுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆய்விதழ் ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். ‘கூடுதல் மாதிரி எடுக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடுக்கு தற்போது நீருக்கு அடியில் உள்ளது.’

படித்துப் பார்த்துவிட்டு, ‘வருத்தத்துடன்’ என்பதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.